அறுநூறு எம்எம்

பேக்கை மேல வைக்காதீங்க தம்பி, மடியிலயே இருக்கட்டும். இந்த ரோட்டுல எட்டு எடத்துல வேகத்தடை. டிரைவர் ஒண்ணுக்கும் பிரேக் போட மாட்டார். உள்ள லென்ஸ் இருக்குதானுங்க? நீங்க பிடிச்சிருக்கற பிடியிலயே தெரிஞ்சுது.

நானும் கேமராக்காரன்தான். தொழில் அது இல்லீங்க, தொழில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து. முப்பது வருஷமா அதே கடை. கேமரா ஆறு வருஷமாத்தான். பையன் கனடா போறப்ப அவன் வெச்சிருந்ததைக் குடுத்துட்டுப் போனான். "சும்மா உக்காந்திருக்காம எதையாச்சும் எடுங்கப்பா"ன்னான். அப்படி ஆரம்பிச்சதுதான்.

உங்ககிட்ட என்ன இருக்கு, பதினெட்டு–அம்பத்தஞ்சா? கேமராவோட சேர்ந்து வர்றது. நல்ல லென்ஸ்தானுங்க. யாரும் மதிக்க மாட்டாங்க, ஆனா நல்ல லென்ஸ். அடுத்து என்ன வாங்கறதுன்னு யோசனையில இருப்பீங்க. எல்லாருக்கும் அந்த எடத்துல அந்த யோசனை வரும். நான் சொல்றேன் கேளுங்க. நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. தப்புன்னா, லென்ஸ் விஷயத்துல சொல்றேன்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது பக்கத்து ஊட்டுப் புள்ள. தாரணின்னு பேரு. மயில்சாமியோட மக. மயில்சாமி தேங்காய் மண்டி வெச்சிருக்கார். என்னைவிட நாலு வயசு சின்னவர், அண்ணான்னுதான் கூப்பிடுவார். ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. தாரணி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சுட்டிருந்தா. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்க, உர மூட்டை மேல போட்டிருக்கறதைப் படிப்பேன், அதோட சரி. அவ காலேஜ் விட்டு வந்ததும் போனுல லென்ஸைப் பத்தி எழுதியிருக்கறதெல்லாம் படிச்சுப் படிச்சுத் தமிழ்ல சொல்லுவா.

"பெரியப்பா, மொதல்ல அம்பது எம்எம் வாங்குங்க. ஆளுகளை எடுத்தா பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படியே கரைஞ்சுபோகும்"னா.

வாங்கினேன். அதுல மொதப் படமே அவதான். வேப்பமரத்தடியில அரை மணி நேரம் அசையாம நின்னா. எறும்பு கடிச்சும் நின்னா. அந்தப் படத்தைத்தான் அவ காலேஜ்ல எல்லாத்துக்கும் காட்டினாளாம்.

அடுத்து மேக்ரோ. பூச்சி எடுக்கறதுக்கு. நூறு எம்எம். எனக்குப் பூச்சி பத்தி நல்லாத் தெரியும், அதைக் கொல்லற மருந்துதானே விக்கிறேன். ஆனா பூச்சி ஒரு எடத்துல நிக்காதுங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல கால் மணி நேரம் வெச்சா விறைச்சுப் போயிரும். எடுத்து இலை மேல வெச்சா அசையாது. கண்ணு, மீசை, கால்ல இருக்கற முள்ளு, எல்லாம் சுத்தமா வரும். எங்கூட்டுல சம்சாரம் கத்துவா, தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்துல வெட்டுக்கிளியான்னு. தாரணி மட்டும் ஒரு நாள் டப்பாவைத் தெறந்து வெளிய விட்டுட்டா. "பெரியப்பா, இது உசுரோட இருக்குற மாதிரியே இல்லை, படத்துல"ன்னா. சின்னப் புள்ளைங்க, அவளுக்கு ஷார்ப்னெஸ் முக்கியம்னு தெரியலை.

பூச்சி சலிச்சுப்போச்சு. எங்க ஊருக்கு மேக்கால கருக்கங்குளம்னு ஒரு குளம். கார்த்திகை, மார்கழியில எங்கிருந்தெல்லாமோ பறவை வரும். அம்பது எம்எம்மை வெச்சுக்கிட்டு எடுத்தா கொக்கு எள்ளு மாதிரி தெரியும். பெரிய லென்ஸ் வேணும். தாரணிதான் ஒரு வாரம் படிச்சுப் பார்த்துச் சொன்னா, "நூத்தைம்பது–அறுநூறு எடுத்துக்குங்க பெரியப்பா. கிட்டப் போகவே வேண்டாம். பறவைக்கும் தொந்தரவு இல்லை"ன்னு. அதனால இதுல என்னை மட்டும் சொல்லறது நியாயம் இல்லீங்க. அந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்ததே அவதான்.

கோயமுத்தூர் போய் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு கிலோ வெயிட்டு. ஊரே பார்த்துச்சு. அன்னியில இருந்து ஆரம்பிச்சாருங்க மயில்சாமி.

காலையில நாங்க நாலஞ்சு பேரு வாக்கிங் போயிட்டு பேக்கரியில உக்காருவோம். "ஏனுங்ணா, அந்தக் கொழாயை மோட்டாருக்கு மாட்டினா தண்ணியாச்சும் வருமுங்க" அப்படிம்பார். எல்லாரும் சிரிப்பாங்க. "நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுல என்ன பெருசாத் தெரிஞ்சுரும்?"ம்பார். தினமும் இதே பேச்சு. டீ ஆத்தறவர்கூடச் சிரிப்பார். நீங்க ஒரு பொருளை ஆசைப்பட்டு வாங்கியிருப்பீங்க, அதை ஒருத்தர் நாலு பேரு முன்னால தினமும் கேவலம் பண்ணினா உங்களுக்கு எப்படி இருக்கும்? மனசுல வெச்சுக்கிட்டேன்.

மார்கழியில ஒரு சாயங்காலம், குளத்துக் கரை மேல ஸ்டாண்டு போட்டு உக்காந்திருந்தேன். பாம்புத்தாரா ஒண்ணு தண்ணிக்குள்ள முங்குச்சு, மேல வரவே இல்லை. வெளிச்சம் இறங்கிட்டிருந்துச்சு. சும்மா இருக்கோமே, லென்ஸ் எவ்வளவு தூரம் பிடிக்குதுன்னு பார்ப்போம்னு அக்கரைக்குத் திருப்பினேன். பனைமரத்தடியில ஒரு பைக்கு. பக்கத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. கண்ணால பார்த்தா ரெண்டு புள்ளிதான். இருநூத்தம்பது மீட்டர் இருக்கும். அறுநூறுக்கு இழுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

ஊட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசு பண்ணினேன். தம்பி, சொன்னா நம்ப மாட்டீங்க. பைக்கு நம்பர் பிளேட்டு படிக்க முடியுது. நாலு நம்பரும் தெரியுது. அந்தப் புள்ள கழுத்துச் சங்கிலி, அதுல மாங்காய் டாலர். மடியில டிபன் பாக்ஸ், ரெண்டு பேரும் அதுலயே சாப்பிடறாங்க. அப்புறந்தான் முகத்தைப் பார்த்தேன். தாரணி.

பையன் முகம் சரியா வரலை. என்னத்துக்கோ சிரிச்சுத் தலையைத் திருப்பியிருக்கான். கலங்கிப்போச்சு.

நான் யோசிச்சேனுங்க. யோசிக்கலைன்னு சொல்லாதீங்க. சம்சாரத்துகிட்டக் காட்டினேன். அவ பார்த்துட்டு, "அழிச்சுப்போடுங்க"ன்னா. "இப்பவே அழிங்க, என் கண்ணு முன்னால அழிங்க"ன்னா. கடை வெச்ச நாள்ல இருந்து நான் ஒரு பொருளையும் வீணாக்கினதில்லைங்க. அப்படி ஒரு ஷார்ப்பான படத்தை எப்படி அழிக்கறது? சரி சரின்னுட்டுப் போனுல ஏத்திக்கிட்டேன்.

எனக்கு இந்தச் சாதி கீதியெல்லாம் கிடையாது தம்பி. அதையும் சொல்லிடறேன். அந்தப் பையன் யாரு எவருன்னு எனக்கு அப்பத் தெரியாது. மதிவாணன்னு பேரு, ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை, எங்க ஊருக் காலனி, இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சதுதான். நல்ல பையன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் ஒரு தடவை அவன்தான் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்திருக்கானாம். ஊசி போட்டதே தெரியலை, அது மட்டும் ஞாபகம் இருக்கு.

மறுநாள் பேக்கரியில நானும் மயில்சாமியும்தான். மத்தவங்க வரலை, பனி ஜாஸ்தி. உக்காந்ததும் ஆரம்பிச்சார், "ஏனுங்ணா, கொழாயில நேத்து என்ன மாட்டுச்சு? காக்காவா?"ன்னு. பேக்கரிக்காரர் கல்லாவுல இருந்து சிரிக்கறார். நான் போனை எடுத்தேன். பிளேட்டு மட்டும் தெரியற மாதிரி பெருசு பண்ணி நீட்டினேன்.

"இருநூத்தம்பது மீட்டர். படிங்க"ன்னேன்.

படிச்சார். நம்பரைச் சத்தமாப் படிச்சார். "பரவால்லையே"ன்னார். அந்த லென்ஸ் வாங்கினதுல இருந்து மொதத் தடவையா அந்த மனுஷன் வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சு. எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. அதோட போனைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கியிருக்கணும்னுதான் இப்பச் சொல்றாங்க. ஆனா கை தானா நகர்த்துச்சுங்க. "இதைப் பாருங்க, டாலர்ல மாங்காய்க் கொட்டைகூடத் தெரியுது"ன்னு சங்கிலிப் பக்கம் தள்ளினேன்.

அது அவர் எடுத்துக்குடுத்த சங்கிலிதானே. பார்த்தார். டீ கையில அப்படியே இருந்துச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டார், "வேற யாருக்காச்சும் காட்டினீங்களாண்ணா?"

"இல்லீங்க."

"எனக்கு அனுப்பிவிடுங்க. அனுப்பிட்டு நீங்க அழிச்சுருங்க."

அனுப்பினேன். சும்மா போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிப்போடும் தம்பி, தரம் போயிரும். இது எல்லாருக்கும் தெரியறதில்லை. டாக்குமெண்ட்டா அனுப்பணும், அப்பத்தான் முழு அளவுல போகும். டாக்குமெண்ட்டாத்தான் அனுப்பினேன்.

அழிக்கலை.

அஞ்சு நாள் கழிச்சு அந்தப் பையனோட பைக்கு வாய்க்கால்ல கிடந்துச்சு. ஒரு மைல் தள்ளி மதகுல அவன். தண்ணி அப்ப முழங்கால் அளவுதான். குடிச்சுட்டு விழுந்துட்டான்னு எழுதினாங்க. அவன் குடிக்க மாட்டான்னு அவங்கம்மா ஸ்டேஷன் முன்னால மூணு நாள் உக்காந்திருந்துச்சு. நான் கடைக்குப் போறப்ப வர்றப்ப பார்த்தேன். ஒரு நாள் மழை வந்துச்சு, அப்பவும் உக்காந்திருந்துச்சு. நல்ல வெளிச்சம் அன்னிக்கு, மழை விட்ட வெளிச்சம். கேமரா கையில இல்லை.

தாரணி காலேஜுக்குப் போகறது நின்னுபோச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்கும். நாலஞ்சு நாள் கேட்டுச்சு. அப்புறம் கேக்கலை. தையில கல்யாணம்னாங்க. மயில்சாமி எங்கூட்டுக்கே வந்து பாக்கு வெத்தலை வெச்சு, "நீங்கதாண்ணா படம் எடுக்கணும். வெளியாள் வேண்டாம்"ன்னார். சங்கடமா இருந்துச்சு, ஆனா என்னை நம்பி வந்து கேக்கறப்ப எப்படி முடியாதுங்கறது? அதுக்குன்னே எம்பத்தஞ்சு எம்எம் வாங்கினேன். ஆளுகளை எடுக்க அதை அடிச்சுக்க இன்னொண்ணு கிடையாது தம்பி. நீங்க அடுத்து வாங்கறதா இருந்தா அதை வாங்குங்க. பைசா வாங்காம எடுத்துக்குடுத்தேன், பூவும் நானே வாங்கிட்டுப் போனேன்.

அந்தப் புள்ள ஒரு படத்துலயும் லென்ஸைப் பார்க்கலை. கீழயே பார்த்துட்டிருந்தா. மூணு மணி நேரம் எடுத்து ஒண்ணுகூடத் தேறலை. எனக்கு வேர்த்து ஊத்துது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? பக்கத்துல போய், "அம்மிணி, சித்த நேரம் என்னைப் பாரு. சிரிக்காட்டிப் போகுது, பாத்தாப் போதும்"னேன்.

அப்பப் பார்த்தா.

நேரா லென்ஸுக்குள்ள பார்த்தா. ரெண்டு கண்ணுலயும் டியூப்லைட்டு தெரியுது, இமை ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. நான் எடுத்ததுலயே அதுதான் பெஸ்ட்டு. எங்க போட்டோ கிளப்புப் போட்டிக்கு அனுப்பினேன், ரெண்டாவது பரிசு. நடுவரா வந்தவர் சொன்னார், "இந்தக் கண்ணுல ஏதோ இருக்கு"ன்னு. லென்ஸ்தான் சார்னேன்.

ஆடிக்கு அழைச்சுட்டு வந்தாங்க. வந்த மூணாவது நாள் மத்தியானம் எங்கூட்டுக்கு வந்தா. சம்சாரம் அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. எதுக்கு அழுகறான்னு எனக்கு எரிச்சலா இருந்துச்சு, புள்ள நல்ல எடத்துல வாழுது. தாரணி அழுகலை. என்னைப் பார்த்து, "பெரியப்பா, அந்தப் படம் வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டா.

அழிச்சுட்டேன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அவளே சொன்னா, "நீங்க அழிச்சிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். என் போனை அப்பா அடுப்புல போட்டுட்டார். என்கிட்ட ஒரு படம்கூட இல்லை."

கம்ப்யூட்டரைப் போட்டேன். பார்த்துட்டே இருந்தா. "அவன் முகத்தைப் பெருசு பண்ணுங்க"ன்னா. பண்ணினேன். கலங்கலாத்தானே இருக்கு. இன்னும் பெருசுன்னா. பெருசு பண்ணப் பண்ணக் கட்டம் கட்டமாப் போச்சு. அவ கையை நீட்டி அந்த முகத்துமேல வெச்சா.

"ஸ்கிரீனைத் தொடாத அம்மிணி, கறை புடிக்கும்"னேன்.

"தெளிவாப் பண்ண முடியாதா பெரியப்பா? ஏதாச்சும் சாஃப்ட்வேர்ல?"

நான் விளக்கமாச் சொன்னேன். இந்த லென்ஸுக்கு வாய் சின்னது, வெளிச்சம் கம்மியா வரும். அதனால ஷட்டர் மெதுவா வெக்க வேண்டியதாச்சு. அசையாம உக்காந்திருந்த நீ சுத்தமா வந்துட்டே, பைக்கு வந்துருச்சு, தலையைத் திருப்பினதால அவன் வரலை. இன்னும் கொஞ்சம் பெரிய வாய் இருக்கற லென்ஸா இருந்தா அவன் முகமும் வந்திருக்கும்னேன். உள்ளதைத்தானுங்க சொன்னேன். அவ தலையாட்டிக் கேட்டுக்கிட்டா.

அப்புறம் அந்த ஃபைலைக் கேட்டா. கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல், தேதி நேரம் எல்லாம் உள்ள பதிஞ்சிருக்குமே, அது. மெமரி கார்டையும் கேட்டா. படத்து மேல ஆசைப்பட்டுக் கேக்கறாளேன்னு குடுத்துட்டேன். வெளிய போறப்ப வாசப்படியில நின்னு, "இதை அப்பாவுக்கு எப்ப அனுப்புனீங்க பெரியப்பா?"ன்னா. போனுல எடுத்துக் காட்டினேன். தேதியோட இருக்குல்ல. அவ வெச்சிருந்த புதுப் போனுல அதை ஒரு படம் எடுத்துக்கிட்டா. "பைக்கு நம்பர் அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னா. பேக்கரியில நடந்ததைச் சொன்னேன். என்ன மறைக்க இருக்கு?

ஊட்டுக்குப் போகலைங்க அவ. நேரா அந்தப் பையனோட அம்மாகிட்டப் போயிட்டா. ரெண்டு பேரும் வக்கீலைப் பிடிச்சு, எங்கெங்கயோ மனுக் குடுத்து, கேஸு வேற போலீஸுக்கு மாறிப்போச்சு. மயில்சாமியையும் அவர் அண்ணன் பசங்க ரெண்டு பேரையும் பிடிச்சுட்டுப் போனாங்க. புருஷன் ஊட்டுல அவளை வேண்டாம்னுட்டாங்க. இப்ப எங்கயோ ஹாஸ்டல்ல இருக்கா.

எங்கூட்டுக்கும் வந்தாங்க. கேமராவையும் அறுநூறையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, சாட்சிப் பொருளாம். துணியில கட்டி அரக்கு வெச்சுட்டாங்க தம்பி. காத்துப் போகாத எடத்துல லென்ஸை வெச்சா உள்ள பூஞ்சை பிடிச்சுரும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டு ரெண்டு போட்டு வைங்க சார்னு கெஞ்சினேன். அந்த எஸ்.ஐ. என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறலை. நான் என்ன கொலையா பண்ணினேன்?

இப்ப அங்கதான் போயிட்டிருக்கேன். கோர்ட்டுக்கு. இன்னிக்கு என் சாட்சி. பேக்கரிக்காரர் போன மாசமே எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைன்னுட்டார். மயில்சாமி அந்த நம்பரைப் பார்த்தார், படிச்சார், சங்கிலியை அடையாளம் கண்டுபிடிச்சார், இதைச் சொல்றதுக்கு என்னை விட்டா ஆள் இல்லை.

மயில்சாமியோட வக்கீல் கூப்பிட்டுப் பேசினார். தங்கமான மனுஷன். "பறவை படம்னு நினைச்சுத்தான் அனுப்பினேன், அதுல யாரு இருக்காங்கன்னு எனக்கே தெரியாது, பேக்கரியில எதையும் காட்டலைன்னு சொல்லுங்க. படம் தெளிவில்லைன்னு சொல்லுங்க"ன்னார். அது மட்டும் எனக்கு ஒப்பலை. தெளிவில்லைன்னு நான் எப்படிங்க சொல்றது? உலகமே பார்த்தாலும் தெளிவான படம். அப்புறம் அவரே வழி சொன்னார். "பையன் முகம் கலங்கித்தானே இருக்கு? அதைச் சொல்லுங்க, பொய் இல்லையே"ன்னார். நெசந்தானே.

மயில்சாமி மச்சானும் வந்திருந்தார். என்னோட லென்ஸு கேஸு முடியற வரைக்கும் வராது, வந்தாலும் பூஞ்சை பிடிச்சுத்தான் வரும்னு நான் வெசனப்பட்டேன். "அதுக்கென்னங்க, வேற வாங்கித் தர்றோம்"ன்னார். சும்மா லென்ஸு இல்லைங்க. பெரிய வாய் லென்ஸு, வெள்ளைக் கலர்ல இருக்குமே, அது. ஐந்நூறு வேணுமா அறுநூறு வேணுமான்னு என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டார். ஐந்நூறு வெயிட்டு கம்மி, கையில தூக்கலாம். அறுநூறு கனம், ஆனா தூரம் பிடிக்கும். ரெண்டு நாள் யோசிச்சேன். முந்தாநேத்து அறுநூறுன்னு சொல்லிட்டேன்.

நேத்து தாரணி கூப்பிட்டா. புது நம்பர், எடுத்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. "பெரியப்பா, பயப்படாதீங்க. நீங்க எதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். நடந்ததை மட்டும் சொன்னாப் போதும்"ன்னா. அப்புறம், "உங்களை நான் தப்பாச் சொல்லலை. தெரியாமப் பண்ணிட்டீங்கன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன்"னா.

சரி அம்மிணின்னேன்.

அவ முன்வரிசையில உக்காந்திருப்பாளாம். நான் நிக்கற கூண்டுல இருந்து பத்தடி. என்னையேதான் பார்த்துட்டிருப்பா. வக்கீல் சொன்னார், நீங்க ஜட்ஜைப் பார்த்தே பேசுங்க, அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதீங்கன்னு. பத்தடியில உக்காந்திருக்கறவளைப் பார்க்காம இருக்க முடியுங்களா? அதனால காலையில கெளம்பறப்பவே கண்ணாடியைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டு வந்துட்டேன். கண்ணாடி இல்லைன்னா எனக்கு அஞ்சடிக்கு மேல மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான். அங்க யாரோ உக்காந்திருக்காங்கன்னு தெரியும், அவ்வளவுதான்.

பஸ்ஸு நிக்குதே. இது எந்த ஸ்டாப்புங்க? அந்த போர்டுல கோர்ட்டுன்னு போட்டிருக்கா, சித்த படிச்சுச் சொல்லுங்க தம்பி.